நேரம் இருந்தால் காட்டப்படும் சண்டை

பொதுக்காலம் முப்பதாம் ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, ஒரு விளையாட்டுத் தொலைக்காட்சியின் நேயர் தொடர்புப் பிரிவிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. அதை அச்செடுத்து நாட்குறிப்பில் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஆறு வரிகள். முதல் இரண்டில் நன்றி. நடுவில் உள்ள மூன்றின் சாரம் இது: குத்துச்சண்டை நிகழ்ச்சிகளில் எதைக் காட்டுவது என்பதை இந்தியாவில் தாங்கள் முடிவு செய்வதில்லை, உரிமை வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனம் அனுப்புவதைத்தான் ஒளிபரப்புகிறார்கள், நான் கேட்டிருந்த சண்டை முதன்மைப் பட்டியலில் இல்லை, நேரம் இருந்தால் காட்டப்படலாம். கடைசி வரி, தொடர்ந்து பார்க்கச் சொல்லும் வழக்கமான வரி.

நாள்களை எங்கள் மாதா கோயிலின் பங்குக் காலண்டரின்படி குறிப்பது என் பழைய பழக்கம். ஆங்கிலத் தேதிகளை நான் அடிக்கடி ஒருநாள் முன்பின்னாக எழுதிவிடுவேன். ஞாயிற்றின் பெயரைத் தவறவிட்டதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளனாக இருக்கிறேன். குடுவைகளின் மேல் சீட்டு ஒட்டி ஒட்டி, எதன் மேலும் நாளும் நேரமும் எழுதாவிட்டால் அது காணாமல் போய்விடும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

அவர்களுக்கு நான் முதலில் எழுதியது அக்காவுக்காக.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டு வைத்து, கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள் செய்கிறாள்: மாதா, சூசையப்பர், இடையர், ஆடு, கழுதை, சம்மனசு என்கிற வானதூதர். பிளாஸ்டர் மோல்டுக்குள் களிக்குழம்பை ஊற்றி, உள்பக்கம் களி சுவராகப் பிடிக்கும்வரை காத்திருந்து, மிச்சத்தைக் கவிழ்த்து வடிக்க வேண்டும். அந்தக் கவிழ்ப்புதான் வேலையே. ஒரே சீராகச் சாய்க்காவிட்டால் உள்ளே குழம்பு தேங்கி, பொம்மையின் ஒரு பக்கம் தடித்துவிடும். மாதா மோல்டு ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். அதை மணிக்கட்டின் ஒரே திருப்பில் அக்கா வடிப்பதைப் பார்த்தால் சோற்றுக் கஞ்சி வடிப்பது போலத்தான் தோன்றும்.

ஈஸ்டரை அடுத்த பாஸ்கா காலத்தின் நான்காம் வாரம், வியாழக்கிழமை, ஷெட்டுத் தரையில் சிந்தியிருந்த, பொம்மைக்குப் பளபளப்புக்காகப் பூசும் கிளேஸில் கால் வழுக்கி அக்கா விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. உள்ளே பிளேட்டு வைத்தார்கள். கட்டுப் பிரித்தபோது படத்தைப் பார்த்த டாக்டர் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார். பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கச் சொன்னாள். "இனிமே பயந்தான் பாக்கிங்க, வேற ஒண்ணும் இல்ல" என்றாள். அக்கா பந்தை அமுக்கினாள். ஆனால் வலது கையில் ஒரு டீ டம்ளரைக்கூட எடுக்கவில்லை. கதவைத் திறப்பதும், சிலுவை போடுவதும்கூட இடது கையால்தான். கோயிலில் இடது கையால் சிலுவை போட்ட அவளை ஒரு குழந்தை திரும்பித் திரும்பிப் பார்த்ததை நானே கண்டேன்.

குத்துச்சண்டை எங்கள் வாழ்க்கையில் நுழைந்தது கட்டுப் பிரிப்பதற்கு முன்பு, விழுந்து ஒரு மாதம் ஆன மூவொரு கடவுள் ஞாயிறன்று. கட்டோடு இருந்ததால் அக்கா கோயிலுக்குப் போகாமல் டிவியில் பூசை பார்க்க முயன்றாள். இடது கையால் ரிமோட்டை அழுத்தியதில் எண் மாறிப் போயிற்று. பக்கத்துத் தெருவிலுள்ள என் வீட்டிலிருந்து இட்லி கொண்டுபோன நான் பார்த்தபோது, திரையில் இருவர் மூக்கில் ரத்தம் வழிய நின்றார்கள். அக்கா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா இது?"

"பூசைக்குப் போட்டேன், இது வந்துச்சு. மாத்த மனசு வரல. உக்காரு."

அன்றுதான், இரண்டு சண்டைகளுக்கு நடுவில், அந்தப் பெண்ணைச் சில நொடிகள் காட்டினார்கள். பச்சை நிற அரைக்கால் சட்டை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். யாரோ அவள் கைகளுக்குத் துணிப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தார். தென் அமெரிக்காக்காரி, மணிக்கட்டு முறிந்து ஒதுங்கியிருக்கிறாள், விரைவில் திரும்பி வருவாள் என்று வர்ணனையாளர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

"எந்தக் கை?" என்றாள், தன் கட்டை லேசாகத் தூக்கி.

"வலதுதான்" என்றேன்.

அதன்பிறகு அவளுக்கு ஒரே எண்ணம். பச்சைக்காரி (அக்கா வைத்த பெயர்) அந்தக் கையை மறுபடியும் வீசுகிறாளா என்று பார்க்க வேண்டும். ஜெயிக்கிறாளா என்பது அவளுக்குப் பொருட்டில்லை. "ஒடஞ்ச கையால ஒருத்தர் மூஞ்சில குத்தணும்னா எவ்ளோ தெம்பு வேணும். அவ குத்துனா நான் மோல்டு தூக்க மாட்டனா?" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

அங்கே சனிக்கிழமை இரவு நடப்பது இங்கே ஞாயிறு காலை வரும். ஞாயிறுதோறும் எது காட்டப்பட்டது, எது காட்டப்படவில்லை என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். யார் யாரோடு, என்ன எடை, எத்தனை சுற்று, யார் ஊர்க்காரர், தோல்வியே காணாதவர் எவர். சில வாரங்களில் ஒரு ஒழுங்கு புலப்பட்டது. திறமைசாலிகள் என்பதற்காக யாரையும் காட்டுவதில்லை. தோற்காதவர், அரங்கு இருக்கும் ஊரில் பிறந்தவர், முந்தைய நாள் எடை பார்க்கும் மேடையில் எதிராளியைத் தள்ளிவிட்டவர், கனத்த உடம்புக்காரர், இவர்களுக்குத்தான் கேமரா. பெரிய சண்டைக்கு ஏற்பாடு செய்பவர் தன் ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞன் ஒருவனையும் கூடவே ஏற்றி அனுப்புவார். அவனுக்குச் சுலபமான எதிராளியாகவும் பார்த்துக் கொடுப்பார். பெண்களுக்குச் சுற்று இரண்டு நிமிடம்தான், ஆண்களுக்கு மூன்று. குறைந்த நேரம் என்பதாலேயே அவர்கள் சண்டையைச் சீக்கிரமே, கேமராவுக்கு விளக்குப் போடுவதற்கு முன்பே முடித்துவிடுகிறார்கள். பச்சைக்காரி குறைந்த எடை, பெண், இரண்டு தோல்வி கண்டவள், வெளியூர்க்காரி. என் நோட்டின்படி அவளைக் காட்ட ஒரு காரணமும் இல்லை. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

பொதுக்காலம் இருபத்து நான்காம் ஞாயிறன்று அவள் திரும்பி வருவதாக இணையத்தில் ஒரு பட்டியல் கிடைத்தது. பெரிய பெயர்கள் மேலே பெரிய எழுத்தில், கீழே போகப் போகச் சின்ன எழுத்தில். கடைசி வரியில் அவள். அக்காவிடம் காட்டினேன். அவள் பட்டியலை நம் ஊர்த் திருவிழா நோட்டீஸ் படிப்பது போலப் படித்தாள். முதல் வரியில் கொடியேற்றம், கடைசி வரியில் தேர்.

"கடேசில போட்டிருக்கான் பாரு. அப்ப அவதான் தேரு."

நானும் அப்படியே நம்பினேன். இத்தனை மாதம் நோட்டு எழுதிய நானும். வரிசை மேலிருந்து கீழாக நடக்கும் என்ற நினைப்பை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. அக்கா நிதானமாக எட்டு மணிப் பூசைக்குப் போய், திருவிருந்து முடிந்து, சாமியாரிடம் கை நலம் பற்றிப் பேசிவிட்டு, வழியில் கறி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெரிய சண்டை முடிந்து இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதோடு நிகழ்ச்சி முடிந்தது. வேறு விளையாட்டு ஆரம்பமானது.

"எங்கடா தேரு?"

குத்துச்சண்டைப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். கடைசிப் பெயர்தான் முதலில் ஏறும். ஒளிபரப்பு தொடங்குவதற்குள் பச்சைக்காரி சண்டை போட்டு, ஜெயித்து, குளித்துக்கூட முடித்திருப்பாள். அன்று மாலை தேடியதில் கிடைத்தது யாரோ கைப்பேசியில் எடுத்த துணுக்கு மட்டும். நடுவர் அவள் கையை உயர்த்துகிறார், அவ்வளவுதான். உயர்த்தியது இடது கை.

அக்கா அந்தத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

"ஏன் எடது கையத் தூக்குறான்?"

"நடுவர் எந்தப் பக்கம் நிக்கிறாரோ அந்தக் கையக்கா."

"இல்லடா. அந்தக் கை இன்னும் வலிக்குதோ என்னமோ."

பந்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். ஒரு வாரம் அவள் அதைத் தொடவில்லை என்று என் மனைவி கவனித்துச் சொன்னாள். ஷெட்டில் வேலைக்கு வரும் இரண்டு பெண்கள்தான் மோல்டுகளை வடித்தார்கள். மாதாவின் முதுகுகள் தடித்து, உலையில் வெடித்தன. அக்கா அவர்களைத் திட்டவில்லை. அது எனக்கு அச்சமாக இருந்தது. அந்த ஆண்டோடு ஷெட்டைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள், என்னைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகுதான் நான் தொலைக்காட்சிக்கு எழுதினேன். அடுத்த சண்டை கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் முதல் ஞாயிறன்று என்று அறிந்து, நாள், எடைப் பிரிவு, பெயர், எல்லாம் குறிப்பிட்டு, தயவுசெய்து காட்டுங்கள் என்று. எங்கள் உள்ளூர் கேபிளில் பிறந்தநாள் வாழ்த்து கேட்டால் போடுவார்கள், அந்தப் பழக்கம். அக்காவின் கையைப் பற்றி எழுதவில்லை. எழுதி, பிறகு அழித்துவிட்டேன்.

பதிலை ஷெட்டில் வைத்து வாசித்துக் காட்டினேன். உலைக்காரர் அங்கே இருந்தார். அக்காவிடம் சொந்த உலை கிடையாது. தொழிற்பேட்டையில் இரண்டு ஷெட்டு தள்ளி, இவர் கேஸ் உலை வைத்து மின்சாரப் பெட்டிக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் சுடுகிறார். அக்காவைவிடச் சின்னவர், வாய் ஓயாதவர்.

"நேரம் இருந்தால்னா என்னா அர்த்தம் சார்? காட்டுவானா மாட்டானா?"

எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது, படித்திருந்தேன். முன்னால் நடக்கும் சண்டைகள் யாராவது விழுந்து சீக்கிரம் முடிந்துவிட்டால், பெரிய சண்டைக்குக் குறித்த நேரம்வரை திரை காலியாக இருக்கும். அதை அடைக்க ஒரு சின்னச் சண்டையைக் கையிருப்பில் வைத்திருப்பார்கள். அந்தச் சண்டைக்காரர்கள் கையுறை போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்க உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு, உள் அறையில் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டால் ஓட வேண்டும். கூப்பிடாவிட்டால் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு காலி நாற்காலிகளுக்கு முன்னால் சண்டை போட வேண்டும்.

இதை விளக்கி முடிப்பதற்குள் அக்கா சொன்னாள்: "நம்ப சம்மனசு மாதிரி."

உலைக்காரர் சத்தமாகச் சிரித்தார். "ஆமா சார்! எக்கா சரியா புடிச்சிட்டாங்க."

நடப்பது இதுதான். உலைக்குள் தள்ளும் ட்ராலியில் அவருடைய ஃபியூஸ் கட்டைகளை அடுக்குவார்கள். இடையிடையே விழும் இடுக்குகளில் அக்காவின் சம்மனசுகளை நிறுத்துவார்கள். எந்த ட்ராலியில் எவ்வளவு இடுக்கு விழும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் அக்கா தன் சரக்கை வண்ணம் பூசி, காயவைத்து, பலகையில் அடுக்கித் தயாராக வைத்திருப்பாள். அவர் ஆள் அனுப்பிக் "எடம் இருக்குதுங்க" என்றால் எடுத்துக்கொண்டு ஓடுவாள். இத்தனை வருடங்களாக அக்காவின் தொழில் அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் எப்படிச் சண்டைகளைத் தேர்ந்தெடுக்கிறது என்று நான் ஐந்து மாதம் நோட்டு எழுதித் தேடியது, அவளுக்கு ஒரு மூச்சில் புரிந்துவிட்டது.

"எனுக்கு ரெண்டு பெரிய சரக்கு ஒடஞ்சிதுன்னா ஒங்களுக்கு எடம்" என்றார் உலைக்காரர். "அங்கயும் ரெண்டு தடியன் சீக்கிரம் வுழணும். வேண்டிக்கிங்க."

"அடுத்தவன் வுழணும்னா வேண்டிக்க முடியும் தம்பி?"

"அப்ப நான் வேண்டிக்கிறேன். நான் ஒங்க கோயில் இல்லயே."

திருவருகைக் காலம் முதல் ஞாயிறு, காலை ஆறு ஐம்பது. இந்த முறை நாங்கள் ஒளிபரப்பு தொடங்குவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டோம். அக்கா மாலைப் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். உலைக்காரர் வடையோடு வந்தார். அவர் வீட்டில் அந்தச் சேனல் வராது என்றார். அதை நான் நம்பவில்லை.

முதல் சண்டை. அரங்கு ஊரைச் சேர்ந்த, தோற்காத இளைஞன். முதல் சுற்றிலேயே எதிராளியை விழவைத்தான். அக்கா கண்ணை மூடி, இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டாள். விழுந்தவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணு" என்றார் உலைக்காரர்.

"சும்மா இரு தம்பி. அவனுக்கு அம்மா இருப்பாங்க."

இரண்டாவது சண்டை மூன்று சுற்று தாண்டியது. நான்காம் சுற்றில் ஒருவனுக்குப் புருவம் கிழிந்து, மருத்துவர் நிறுத்திவிட்டார். அதன்பிறகு கோட்டுப் போட்ட மூன்று பேர் மேசை போட்டுப் பேச ஆரம்பித்தார்கள். விளம்பரம் வந்தது. மறுபடி அந்த மூன்று பேர். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சண்டைக்குக் குறித்த நேரத்துக்கு இன்னும் அரைமணிக்கு மேல் இருந்தது.

"ட்ராலி காலியாத்தான் கெடக்குது" என்றார் உலைக்காரர், இந்த முறை மெதுவாக.

ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பச்சை அரைக்கால் சட்டை நடந்து வந்தது.

மஞ்சள் பந்து அக்காவின் மடியில் இருந்தது. எப்போது எடுத்துவந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆறு சுற்றுகள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். முதல் மூன்று சுற்றிலும் பச்சைக்காரி இடது கையை மட்டும்தான் நீட்டி நீட்டி எடுத்தாள். வலது கை கன்னத்தை ஒட்டியே இருந்தது. அக்காவின் வலது கையும் பந்தோடு நெஞ்சருகில் இருந்ததை நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"வுடமாட்டா" என்றாள் அக்கா. "அவளும் பயந்துட்டா."

நான்காம் சுற்றின் நடுவில் அந்த வலது கை பாய்ந்தது. கன்னத்தைவிட்டுக் கிளம்பி, எதிராளியின் நெற்றியில் பட்டது. பெரிய குத்து ஒன்றும் இல்லை. வர்ணனையாளர்கூட அதைச் சொல்லவில்லை. உடனே இன்னொன்று. அடுத்த சுற்றில் இரண்டு கைகளும் மாறி மாறிப் போயின. அக்கா எழுந்து டிவிக்கு அருகில் போய் நின்றாள். உலைக்காரருக்குத் திரை மறைத்தது. அவர் நகரச் சொல்லவில்லை.

ஆறாம் சுற்று முடிந்ததும் தீர்ப்பைக்கூடக் காட்டாமல் பெரிய சண்டைக்காரரின் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள். நேரம் அவ்வளவுதான் இருந்தது போலும். பின்னால் தேடிப் பார்த்தேன், பச்சைக்காரி புள்ளிகளில் தோற்றிருந்தாள். அக்கா இன்றுவரை முடிவைக் கேட்கவில்லை.

அவள் அடுப்படிக்குப் போய் எங்கள் மூவருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உலைக்காரர் வடைப் பொட்டலத்தை நகர்த்தித் தட்டுக்கு இடம் விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை மாலை நான்கேகாலுக்கு, பள்ளி விட்டதும் ஷெட்டுக்குப் போனேன். அந்தப் பருவத்தின் கடைசிச் சரக்கு ஊற்றியிருந்தார்கள். அக்கா மாதா மோல்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டிய ரப்பர் டியூப் பட்டையைச் சரிபார்த்தாள். இன்னொரு முறை சரிபார்த்தாள்.

"வாடா. அடியில கொஞ்சம் புடி."

பிடித்தேன். அவள் வலது கையை மேலே வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். மோல்டு சாயத் தொடங்கியது. குழம்பு வெள்ளைக் கயிறு போல வாளிக்குள் இறங்கியது.

"வுடு."

"அக்கா..."

"வுடுடா, நீ புடிச்சா கோணலா வடியுது."

விட்டேன். மோல்டு அவள் கைகளில் தொடர்ந்து திரும்பி, முழுவதும் கவிழ்ந்தது. கடைசிச் சொட்டு விழும்வரை அவள் அப்படியே பிடித்திருந்தாள். முகத்தில் வலி தெரிந்தது. வலி இல்லை என்று நான் எழுத மாட்டேன். பிறகு அதை மேடைமேல் வைத்துவிட்டு, வேலைக்காரப் பெண்களைப் பார்த்து, "இப்புடித்தான் வடிக்கணும். முதுவு தடிச்சி எத்தன மாதா வெடிச்சாங்க, ஒங்களால!" என்று திட்ட ஆரம்பித்தாள். அந்த மாதங்களில் அவள் அவர்களைத் திட்டியது அதுதான் முதல் முறை. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஷெட்டைக் கொடுக்கும் பேச்சு அதோடு நின்றது.

இதை எழுதுவதற்காக நாள்களையும் நேரங்களையும் சரிபார்த்தபோது, பச்சைக்காரியின் காயத்தைப் பற்றிய செய்திகளையும் தேடினேன். ஒரு தளம் வலது மணிக்கட்டு என்கிறது. இன்னொன்று இடது என்கிறது. மூன்றாவது, எந்தக் கை என்று சொல்லாமல் மணிக்கட்டு என்று மட்டும் சொல்கிறது. மூவொரு கடவுள் ஞாயிறன்று வர்ணனையாளரும் கை எது என்று சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அன்றைய என் குறிப்பில் மணிக்கட்டு என்பது மட்டும் இருக்கிறது. அக்கா தன் வலது கையைத் தூக்கிக் கேட்டாள். நான் வலது என்றேன். முதல் இரண்டு தளங்களுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு முறிந்தது எந்தக் கை என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.